கிணற்றடியில் இல்லாத பலாமரம்

எனக்கு எழுத்து நின்றுபோன செய்தியை ஊருக்கு அறிவித்தவர் என் கணவர். காலையில் பாண் வாங்க ஒழுங்கை முகப்புக் கடைக்குப் போனவரிடம், வீட்டில் எல்லோரும் சுகமோ என்று கடைக்காரர் சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டிருக்கிறார். மற்றவர்கள் என்றால் ஓம் என்று சொல்லிவிட்டுப் பாணோடு திரும்புவார்கள். இவர் முப்பத்திரண்டு வருஷம் கணிதம் படிப்பித்தவர்; கேட்ட கேள்விக்குச் சரியான விடை சொல்லாமல் வரமாட்டார். அவ சுகம்தான், ஆனால் எட்டு மாதமாக எழுத்து நின்றுவிட்டது, மேசைக்கு முன்னால் இருக்கிறா, எழும்புகிறா, ஒன்றும் இல்லை என்று படிப்படியாகச் செய்துகாட்டிவிட்டுத்தான் பாணை வாங்கியிருக்கிறார். அப்போது கடையில் ஐந்து பேர் நின்றார்களாம். ஐந்து பேர் தாராளம்.

பத்து மணிக்கே முதல் தோடம்பழப் பை வந்துவிட்டது.

எங்கள் பக்கத்தில் வருத்தக்காரரைப் பார்க்க ஒருவரும் வெறுங்கையோடு வரமாட்டார்கள். தோடம்பழம், மாரி பிஸ்கற், கொஞ்சம் வசதியானவர்கள் என்றால் பால்மாப் பெட்டி. வந்தவர்கள் எல்லோரும் என் முகத்தை உற்றுப் பார்த்தார்கள். சாப்பாடு பிடிக்கிறதா, நித்திரை வருகிறதா என்று கேட்டார்கள். என் கதைகளில் ஒரு வரியும் வாசித்திராத ஒரு மாமி, இது உங்கள் தாய்ப்பக்கத்தில் யாருக்கும் இருந்ததா என்று குரலைத் தாழ்த்தி விசாரித்தார். அம்மாவுக்குச் சோம்பல், கையெழுத்துப் போடவே பஞ்சிப்படுவார், அப்படிப் பார்த்தால் இருந்ததுதான் என்றேன். மாமி தலையை ஆட்டி, அப்படியென்றால் பரம்பரைதான் என்று என் கணவருக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார். நான் மூன்று புத்தகம் போட்டிருக்கிறேன். மூன்று தடவையும் எங்கள் படலையைத் திறந்துகொண்டு ஒரு குருவியும் வரவில்லை. எழுதும்போது வராத சனம் எழுதாமல் விட்டதும் பழத்தோடு வந்தது. எரிச்சல்தான். ஆனால் பழம் நல்ல பழம், சாப்பிட்டேன்.

மருந்து சொல்லாமல் போனவர்களும் இல்லை. என் கணவரோடு ஒன்றாகப் படிப்பித்த ஒரு ரீச்சர், மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து மிஷன் பள்ளிக்கூடத்திலேயே ஓய்வுபெற்றவர், சேர்ச்சில் சுகவீனருக்காக ஜெபிக்கிற பட்டியலில் என்னையும் போட்டுவிட்டதாக வந்து சொன்னார். இடுப்பெலும்பு முறிந்த ஒருவருக்கும் கண்ணில் சத்திரசிகிச்சை செய்த ஒருவருக்கும் நடுவில் நான். அடுத்த மாதம் இடுப்புக்காரர் எழும்பி நடந்துவிட்டார் என்று கேள்வி. என் தங்கை இதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருப்பாளா? எனக்கு எழுத்து வந்தால் நல்லூர்க் கோயில் வீதியில் நான் அடியழிப்பதாக, என்னை ஒரு வார்த்தை கேட்காமல், முருகனுக்கு நேர்த்தி வைத்துவிட்டு வந்தாள். விழுந்து கும்பிட்டு, எழும்பி அடியெடுத்து வைத்து, மறுபடி விழுந்து கும்பிட்டு வீதியைச் சுற்றி வரவேண்டும். என் முழங்கால் இருக்கிற நிலைக்கு முதல் தரம் விழுந்ததோடு என்னைத் தூக்கத்தான் ஆள் பிடிக்கவேண்டும். உன் பெயரில் வைத்திருக்கலாமே என்று கேட்டேன். எழுத்து உனக்குத்தானே வரவேண்டும் என்றாள். அவளோடு கதைத்து வெல்ல முடியாது.

என் கணவரின் வைத்தியம் தொண்டைமானாறு. தண்ணீரைப் பார்த்தால் எழுதுகிறவர்களுக்கு எழுத்து வரும் என்று எங்கேயோ வாசித்தாராம். மோட்டார் சைக்கிளில் என்னை ஏற்றிக்கொண்டு போய், சந்நிதிக் கோயிலில் கும்பிடவைத்து, ஆற்றங்கரையில் கொப்பியோடு இருத்திவிட்டு, தான் ஆறடி தள்ளி நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பத்து நிமிஷத்துக்கு ஒருதரம், "வருதோ?" என்று ஒரு கேள்வி. வள்ளத்தில் இருந்து இறங்கிய ஒருவர் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, இவர்கள் மீன் வாங்கத்தான் இவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள் என்று நினைத்துக் கூடையோடு நேரே வந்தார். அன்று எழுத்து வரவில்லை. ஒரு கிலோ இறால் வந்தது.

இத்தனை பேருக்கும் நான் சொல்லாத ஒரு விஷயம் இருந்தது. எழுத்து ஏன் நின்றது என்று எனக்கு நல்லாகத் தெரியும். ஒரு பலாமரத்தால் நின்றது.

எங்கள் ஊரில் ஒருவர் செத்து முப்பத்தோராம் நாள் வீட்டுக்கிருத்தியம் செய்வார்கள். உறவுகளைக் கூப்பிட்டுச் சாப்பாடு கொடுத்து அனுப்பும்போது கையில் ஒரு சின்னப் புத்தகமும் கொடுப்பார்கள். முன்மட்டையில் செத்தவரின் படம், உள்ளே தேவாரம், வாழ்க்கை வரலாறு, வம்சாவளி, புலம்பல் பாட்டு, கடைசியில் நன்றி. அதற்குப் பெயர் கல்வெட்டு. வீடுகளில் அதை எறியமாட்டார்கள், சாமிப்படங்களுக்குப் பக்கத்தில் வருஷக்கணக்காகக் கிடக்கும். பத்துப் பன்னிரண்டு வருஷமாக எங்கள் வட்டாரத்துக் கல்வெட்டுகளுக்கு வாழ்க்கை வரலாறு எழுதுவது என் வேலை. நான் கேட்டு எடுத்ததில்லை. கதை எழுதுகிற ஒருத்தி ஒழுங்கைக்குள் இருக்கும்போது வேறு யாரைப் போய்க் கேட்பது என்று வந்து நின்றார்கள், அவ்வளவுதான்.

தொடக்கத்தில் ஒழுங்காக விசாரித்துத்தான் எழுதினேன். போகப் போகக் கை பழகிவிட்டது. செத்தவீட்டில் யாரைக் கேட்டாலும் ஒரே கதைதான்: நல்ல மனுசன், ஒருத்தரோடும் பகையில்லை, வந்தவர்களைச் சாப்பிடாமல் போகவிட மாட்டார். அதனால் கணினியில் ஒரு கட்டுரையை வைத்துக்கொண்டேன். பெயரையும் ஊரையும் உத்தியோகத்தையும் மாற்றினால் மிச்சமெல்லாம் அப்படியே பொருந்தும். 'இன்முகமும் இன்சொல்லும் அணிகலனாய்க் கொண்டவர்.' 'கடுஞ்சொல் ஒன்று சொல்லி அறியாதவர்.' எங்கள் பகுதியில் இந்த இரண்டு வரியும் இல்லாமல் மேலே போனவர்கள் குறைவு.

போன வருஷம் ஒரே கிழமையில், ஏழு நாளுக்குள், இரண்டு சாவு. ஒருவர் அளவெட்டியில் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர், என் கணவருக்குத் தூரத்துச் சொந்தம். அவர் தன் கையால் கிணற்றடியில் பலாக்கன்று நட்டு, அது காய்த்து, வருஷம் தவறாமல் அயலில் எல்லா வீட்டுக்கும் பழம் அனுப்பிய மனுசன். அதை விசாரித்து அழகாக ஒரு பந்தி எழுதினேன். மற்றவர் எங்கள் எதிர்வீட்டு அண்ணை, தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்வுபெற்றவர். அதிபருக்கு எழுதியதை எடுத்து, அவருடைய பெயரைத் தூக்கிவிட்டு அண்ணையின் பெயரைப் போட்டேன். பள்ளிக்கூடத்தைத் தூக்கிவிட்டுத் தபால் கந்தோரைப் போட்டேன். பலாமரத்தைத் தூக்க மறந்துபோனேன்.

ஒருவர் கண்ணிலும் அது படவில்லை. கனடாவில் இருக்கிற அண்ணையின் மகனுக்குப் போனில் அனுப்பினோம். அங்கே வதிவிடக் கடதாசி அலுவல் முடியாமல் தகப்பனின் செத்தவீட்டுக்கே வரமுடியாமல் போன பிள்ளை அது. வேலைக்குப் போகிற பஸ்ஸில் இருந்து பெருவிரலை உயர்த்திக் காட்டுகிற படம் ஒன்றைத் திருப்பி அனுப்பியது. அண்ணையின் பெண்சாதி, எதிர்வீட்டு அக்கா, அழுத கண்ணோடு இருந்தார், அவரிடம் போய் எழுத்துப்பிழை பாருங்கள் என்று எப்படிச் சொல்வது? இருநூறு அச்சடித்தாயிற்று.

வீட்டுக்கிருத்தியத்தன்று சாப்பிட்டு எழும்பிய ஆண்கள் கைகழுவக் கிணற்றடிக்குப் போனார்கள். ஒருவர் கல்வெட்டை விரித்து வாசித்தார். நிமிர்ந்து பார்த்தார். கிணற்றை ஒருதரம் சுற்றி வந்தார். அங்கே நின்றது இரண்டு வாழையும் ஒரு கறிவேப்பிலை மரமும். அவருக்குப் பின்னால் இன்னொருவர் சுற்றினார். கொஞ்ச நேரத்தில் ஆறேழு பேர் கல்வெட்டும் கையுமாக மேலே பார்த்தபடி நின்றார்கள். நான் கடித்த வடையோடு வாழைக்குப் பின்னால் ஒதுங்கி நின்றேன்.

செத்தவீட்டில், மரம் எங்கே என்று வாய்விட்டுக் கேட்பது மரியாதையில்லை. அதனால் தங்களுக்குள்ளேயே விளக்கம் தேடத் தொடங்கினார்கள். சனம் இடம்பெயர்ந்து போன நேரம் யாரோ தறித்திருப்பார்கள் என்றார் ஒருவர். இல்லை, புயலுக்கு விழுந்தது என்றார் மற்றவர். கிளிநொச்சியில் இருந்து வந்த ஒரு சொந்தக்காரர் எல்லோரையும் கையமர்த்திவிட்டு, அந்த மரத்துப் பழம் தான் சாப்பிட்டிருப்பதாகவும், அது கெட்டிச் சுளை வருக்கன், குழைகிற கூழன் இல்லை என்றும், தேன் மாதிரி இருந்தது என்றும் சாட்சி சொன்னார். என் எந்தக் கதைக்கும் இப்படி ஒரு வாசகர் கிடைத்ததில்லை.

அடுத்த நாள் காலை அக்கா எங்கள் படலையைத் திறந்துகொண்டு வந்தார். வீட்டுக்குள் வரவில்லை, முற்றத்திலேயே நின்றார். கையில் கல்வெட்டு.

"பிள்ளை, உந்தப் பலாமரம் எங்கை நிக்குது?"

நான் கையை நீட்டினேன், அவர் கல்வெட்டைத் தரவில்லை.

"அவருக்குப் பலாப்பழ மணமே ஆகாது. ஆரும் வெட்டினால் சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டிடுவார். இருவத்தைஞ்சு வருஷம் எதிர்வீட்டிலை இருந்தனி, உனக்குத் தெரியாதோ?"

தெரியும். எத்தனை தரம் அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு சைக்கிளில் ஏறுவதை என் ஜன்னலால் பார்த்துச் சிரித்திருக்கிறேன். அதுதான் என்னைக் குத்தியது. தெரியாமல் பிழை விட்டிருந்தால் இவ்வளவு வெட்கமாக இருந்திராது. மன்னிப்புக் கேட்டேன், திருத்தி அச்சடித்துத் தருகிறேன் என்றேன். வீடு வீடாகப் போனதையெல்லாம் திருப்பி வாங்கவா போகிறாய் என்று கேட்டார். பிறகு கொஞ்சம் தணிந்து, வருஷ முடிவில் வருகிற ஆட்டைத் திவசத்துக்குப் பதினொரு மாதம் கிடக்கிறது, அதற்குள் அவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தா, வேறு எந்த மனுசனுக்கும் பொருந்தாத பக்கமாக இருக்கவேண்டும் என்றார். நான் ஓம் என்றேன். ஓம் என்று சொல்வதற்கு என்ன செலவா?

அன்று பின்னேரமே மேசைக்கு முன்னால் இருந்தேன். 'எங்கள் எதிர்வீட்டு அண்ணை' என்று எழுதினேன். அடுத்ததாகக் கை தன்பாட்டில் 'இன்முகமும்' என்று ஓடியது. வெட்டினேன். 'அயலவர் போற்ற' என்று வந்தது. அது அதிபருடையது, அதற்கு முன் சங்கக்கடை மனேச்சருடையது. எந்தச் சொல்லைத் தொட்டாலும் அதற்குள் ஏற்கெனவே ஒருவர் படுத்திருந்தார். ஒரு கிழமை இப்படிப் போனது. சரி, என் பாதியில் நிற்கிற கதையையாவது எழுதுவோம் என்று எடுத்தேன். அதில் வருகிற பெண்ணும் இன்முகத்தோடுதான் சிரித்துக்கொண்டிருந்தாள். கொப்பியை மூடினேன். உண்மையில் பயந்துபோனேன். முப்பது வருஷமாக நான் எழுதியது எல்லாமே பெயர் மாற்றிய ஒரே கட்டுரைதானோ என்ற பயம் அது. அதை யாரிடம் சொல்வது? தோடம்பழக்காரர்களிடமா?

ஊரில் சாவும் நிற்கவில்லை. கல்வெட்டுக் கேட்டு வந்தவர்களை, எனக்கு எழுத்து வரவில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன். அதில் ஒருவர் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு, அப்படியென்றால் பிரேதத்தை எடுத்துப்போட்டு வருகிறேன், அதற்குள் வந்துவிடுமா என்று கேட்டார்.

திவசத்துக்கு ஆறு கிழமை இருக்கும்போது அக்கா மறுபடி வந்தார். இந்தத் தரம் கையில் போன். மகன் குடும்பத்தோடு திவசத்துக்கு வருகிறாராம். மருமகள் கனடாவிலேயே வளர்ந்தவள், இந்த வீட்டைக் கண்டதில்லை. எட்டு வயதுப் பேத்தியும் அப்பப்பாவை நேரே கண்டதில்லை. மருமகள் கல்வெட்டை எடுத்துவைத்து மகளுக்குக் கதை மாதிரி வாசித்துக் காட்டியிருக்கிறாள். பிள்ளை படம் கீறி அனுப்பியிருந்தது. சாரம் கட்டி, நெற்றியில் திருநீறு பூசிய ஒருவர் மரத்துக் கொப்பில் இருந்து கையாட்டுகிறார். பலாப்பழத்தைக் கண்டிராத பிள்ளை, மரம் நிறையத் தோடம்பழம் கீறியிருந்தது. வந்து இறங்கியதும் முதல் வேலையாக அப்பப்பாவின் மரத்தில் ஏறப் போகிறேன் என்று சொன்னதாம்.

இதையெல்லாம் அக்கா சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அதற்குப் பிறகு சொன்னதைச் சிரிக்காமல் சொன்னார். மகனிடம், நீயாவது பிள்ளைக்குச் சொல்லியிருக்கலாமே, ஐயாவுக்குப் பலாப்பழம் கண்ணில் காட்டக்கூடாது என்று உனக்குத் தெரியாதா என்று கேட்டாராம்.

"அதுக்கு அவன், நான் கனடாவுக்கு வந்தாப்பிறகு நட்டிருப்பார் எண்டு நினைச்சன் அம்மா, வயசு போக மாறியிருப்பார் எண்டான். பெத்த பிள்ளைக்கே தேப்பனை மாத்திப்போட்டாய், பிள்ளை. நான் கண்ணை மூடினால் பிறகு அந்தப் பலாமரம்தான் மிஞ்சும்."

ஆறு கிழமைதான் கிடக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றிரவு சாப்பிடாமல் எழும்பிவிட்டேன். என் கணவரால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அடுத்த நாள் போனைக் கொண்டுவந்தார். இப்போது எதைக் கேட்டாலும் எழுதித் தருகிற ஒன்று இதற்குள் இருக்கிறதாம். அண்ணையின் வயது, ஊர், தபால் கந்தோர், மனைவி, ஒரு மகன் என்று எல்லாத் தரவுகளையும் கணக்குக் கொடுக்கிற மாதிரி வரிசையாகக் கொடுத்தார். மூச்சு விடுவதற்குள் ஒரு பக்கம் வந்து நின்றது. 'புன்னகை மாறாத முகம் கொண்டவர். அயலவர் அனைவரையும் அரவணைத்தவர். இயற்கையை நேசித்து மரங்கள் நட்டு வளர்த்தவர்.'

அதுவும் ஒரு மரத்தை நட்டுவிட்டது.

என் கணவர் இரண்டு தரம் வாசித்துப் பார்த்துவிட்டு, "நல்லாத்தானே கிடக்கு. அப்பிடியே உம்மடை எழுத்து மாதிரிக் கிடக்கு" என்றார். பாவம், அவர் அதைப் புகழ்ச்சியாகத்தான் சொன்னார். நான் அழுதுவிட்டேன். கல்யாணம் கட்டிய இத்தனை வருஷத்தில் ஒரு வசனத்துக்காக நான் அழுததை அவர் கண்டதில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் குசினிக்குள் போய் ஒரு தோடம்பழத்தை உரித்துக்கொண்டு வந்து தந்தார்.

திவசத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது ஒரு காலையில் எதிர்வீட்டுக்குப் போனேன். கையை விரித்துவிடுவது என்ற முடிவோடுதான் போனேன். அக்கா பின்பக்கப் படியில் இருந்து முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"எனக்கு வரேல்லை அக்கா. வேறை ஆரையும் பாருங்கோ" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்த பார்வையில் ஒரு நிமிஷம் அண்ணையே உயிரோடு வந்த மாதிரி இருந்தது. உனக்கு வரவில்லையா, அந்த மனுசனைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லையா, நாற்பத்தாறு வருஷம் நான் பட்டது ஒரு பக்கத்துக்கும் காணாதா என்று தொடங்கினார். பாதிக் கட்டு முருங்கையிலையைத் தூக்கி என் மடியில் போட்டு, சும்மா இருந்து முகத்தை நீட்டாமல் இதை ஆய் என்றார். அதற்குப் பிறகு அரைமணித்தியாலம் அவர் வாய் மூடவில்லை.

றேடியோவில் செய்தி வாசிக்கிறவன் சொல்கிற ஒவ்வொரு வசனத்துக்கும் அண்ணை மறுமொழி சொல்வாராம், ஆனால் பெண்சாதி கேட்டதுக்கு மறுமொழி இல்லை. ஒழுங்கைக்கு வருகிற கடிதத்தில் விலாசம் பிழையென்றால், எழுதினவன் ஜேர்மனியில் இருந்தாலும் இங்கே நின்று அவனைத் திட்டுவார். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் வைத்துக்கொண்டு, நீதான் எடுத்து ஒளித்தாய் என்று வீட்டைத் தலைகீழாக்குவார். கடுஞ்சொல் ஒன்று சொல்லி அறியாதவர் என்று எழுதியிருந்தாயே, காலையில் எழும்பிக் கோப்பிக்குச் சீனி காணாது என்பதில் இருந்து அந்த மனுசன் சொன்னதெல்லாம் கடுஞ்சொல்தான் என்றார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அக்காவும் சிரித்தார். பிறகு கோயிலுக்குப் போகிற கதை வந்தது.

"ஒருநாளும் என்னோடை சேந்து நடந்ததில்லை. பத்து முழம் முன்னாலைதான் போவார், திரும்பியும் பாக்கமாட்டார். ஆனா ஒவ்வொரு சந்தியிலையும் நிண்டு, இடுப்பிலை கையை வைச்சுக்கொண்டு திட்டுவார். இன்னும் வரேல்லையோ, உனக்கு நடை தெரியாதோ எண்டு. நான் கிட்டப் போனவுடனை திரும்ப வெளிக்கிட்டிடுவார். ரோட்டிலை போறவை எல்லாம் பாப்பினம், எனக்கு மானம் போகும்." ஒரு கொத்தை உருவிச் சுளகில் போட்டார். "ஒரு சந்தியிலையும் விட்டிட்டுப் போகேல்லைத்தான். அது வேறை கதை."

என் கை நின்றுவிட்டது. இருபத்தைந்து வருஷம் வெள்ளிக்கிழமை தோறும் ஒழுங்கை முகப்பில் அந்தக் காட்சியை நான் பார்த்திருக்கிறேன். அவர் நின்று திட்டுவார், அக்கா சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தபடி போய்ச் சேருவார், மறுபடி அவர் நடப்பார். அதை எழுதலாம் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. ஒரு பேனை தாருங்கள் அக்கா என்றேன்.

பேனை உள்ளே கலண்டரில் தொங்கியது. கந்தோரில் ஆட்கள் கொண்டுபோகாமல் இருக்கப் பேனையைக் கயிற்றில் கட்டிவைத்துப் பழகிய மனுசன், பெண்சாதி எடுத்து மாறி வைக்கிறா என்று வீட்டிலும் கட்டிவைத்திருந்தார். கயிறு ஒரு முழம்கூட இல்லை. மிஞ்சிக் கிடந்த கல்வெட்டுகளில் ஒன்றை உருவி, அதன் பின்மட்டையின் உட்பக்கத்தைச் சுவரில் வைத்து எழுதப் பார்த்தேன். எட்டவில்லை.

"கயித்தை அவிழ்க்கட்டோ அக்கா?"

"வேண்டாம். பிறகு கத்துவார்" என்றார். சொல்லிவிட்டுக் கலண்டரை ஒருதரம் திரும்பிப் பார்த்தார். பிறகு மறுபடி இலையை ஆய்ந்தார்.

நின்றபடி, கழுத்தைச் சரித்து, கலண்டருக்குக் கீழே ஒட்டிக்கொண்டு எழுதினேன். முழங்கால் கெஞ்சியது. முதல் வசனம், 'இவர் கோபக்காரர்.' அந்த வசனத்தை எங்கள் ஊரில் எந்தக் கல்வெட்டிலும் ஒருவரும் எழுதியதில்லை. அதற்குப் பிறகு றேடியோ, விலாசம், மூக்குக் கண்ணாடி, பலாப்பழம், கயிற்றுப் பேனை, சந்திகள். அணிகலன் ஒன்றும் இல்லை. ஒரு மணித்தியாலத்தில் முடிந்துவிட்டது. அழகான எழுத்து என்று சொல்லமாட்டேன். ஆனால் அதை வேறு யாருடைய பெயருக்கும் மாற்றமுடியாது. வீட்டுக்குத் திரும்பி வரும்போது எனக்குக் கொஞ்சம் ஓடவேண்டும் போலக்கூட இருந்தது. படலையடியில் நின்ற என் கணவர் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். தங்கைக்கு மட்டும் இப்போதைக்குச் சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன்.

திவசத்துக்கு முதல்நாள் மகன் குடும்பம் வாடகைக்கு வான் பிடித்து வந்து இறங்கியது. நானும் போய் நின்றேன். பிள்ளை சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் நேரே கிணற்றடிக்கு ஓடியது. வாழையைப் பார்த்தது. கறிவேப்பிலையைப் பார்த்தது. திரும்பி வந்து, அப்பப்பாவின் மரம் எங்கே என்று தன் அரைகுறைத் தமிழில் கேட்டது.

"அந்த மரம் பொய் பிள்ளை. உந்த அன்ரிதான் எழுதினவ" என்று அக்கா என்னைக் காட்டிவிட்டார்.

பிள்ளை என்னை மேலும் கீழும் பார்த்தது. "ஏன் எழுதினீங்கள்?" என்றது.

பழத்தோடு வந்த ஒருவரும் என்னிடம் கேட்காத கேள்வி. "பஞ்சியிலை" என்றேன். மருமகள் அதை விளக்கிச் சொன்னாள். வீட்டுப்பாடத்தைப் பக்கத்தில் இருக்கிற பிள்ளையைப் பார்த்து எழுதுவது மாதிரியா என்று கேட்டது. அதேதான் என்றேன். அதற்கு மேல் என்னை விசாரிக்கவில்லை.

அடுத்த நாள் ஐயர் போய், சாப்பாடு முடிந்து, எல்லோரும் விறாந்தையில் இருந்தபோது மகன் அந்தப் பக்கத்தை எடுத்து வாசித்தார். 'இவர் கோபக்காரர்' என்றதும் சிரிக்கலாமா என்று எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். அக்கா வாயைச் சீலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு குலுங்கினார். அதற்குப் பிறகு அந்த விறாந்தையில் நடந்தது திவசம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். பலாப்பழ இடம் வந்தபோது எல்லோரும் கிளிநொச்சிக்காரரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கொஞ்சமும் அசையாமல், அண்ணை ஒருநாள் தன்னையும் ஒழுங்கை முகப்பில் வைத்துத் திட்டியிருக்கிறார் என்றார். அது உண்மையாகவும் இருக்கலாம். சந்தி வந்த இடத்தில் மகனால் வாசிக்க முடியவில்லை. கல்வெட்டைப் பெண்சாதியிடம் கொடுத்துவிட்டு முற்றத்துக்குப் போனார். மிச்சத்தை மருமகள் எழுத்துக்கூட்டி வாசித்து முடித்தாள்.

பின்னேரம் பிள்ளை புதுப் படம் ஒன்று கீறிக்கொண்டு வந்து அக்காவின் மடியில் வைத்தது. கடதாசியின் ஒரு கரையில் ஒரு சந்தி. அங்கே சாரம் கட்டிய ஒருவர் இடுப்பில் கைவைத்து, முகத்தில் பாதிக்கு வாயைத் திறந்துகொண்டு நிற்கிறார். பக்கத்தில் தோடம்பழம் காய்த்த மரமும் நிற்கிறது. மரம் வடிவாக இருக்கிறது, அதை எடுக்கமாட்டேன் என்று பிள்ளை சொல்லிவிட்டது. கடதாசியின் மற்றக் கரையில், கடைசி மூலையில், வெள்ளைச் சீலையோடு பெருவிரல் அளவில் ஒரு பெண்.

அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைக் கனநேரம் பார்த்தார். வாய் திறந்தவரின் மேல் விரலை வைத்தார்.

"நல்லாக் கீறியிருக்கிறாய், அப்பப்பா இப்பிடித்தான்" என்றார். பிறகு விரலை மெல்ல மற்றக் கரைக்குக் கொண்டுபோனார். "ஆனா என்னை இவ்வளவு தூரத்திலை விடாதை பிள்ளை. இன்னும் கொஞ்சம் கிட்டக் கீறு. நான் வந்துகொண்டுதானே இருக்கிறன்."